வீடு மாறினும் மாறாத முகவரி
மின்னஞ்சற் பெயர்களின் வரலாறும் எமக்கு அது தரும் பாடமும்

புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளில் பழைய முகவரிக் கொப்பி ஒன்று ஏதேனும் ஓர் இழுப்பறையின் அடியில் கிடக்கும். அதனைப் பிரித்துப் பார்த்தால், ஒரே பெயருக்கு எதிரே ஐந்தாறு முகவரிகள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் கோடிட்டு வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். முதலில் வலிகாமத்துச் சொந்த வீடு. அடுத்து, 1995 ஒக்ரோபர் இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒதுங்கிய உறவினர் வீடு. அதன்பின் வன்னியில் ஒரு கொட்டில், கொழும்பில் ஒரு விடுதி அறை, ஈற்றில் ஐரோப்பிய நகரொன்றின் அகதிகள் தங்ககம். ஒரு குடும்பத்தின் வரலாற்றை அந்தக் கோடுகளே சொல்லிவிடும். வீட்டை இழந்தவன் முகவரியையும் இழக்கிறான் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சல் வந்தபோது இந்தத் துன்பம் ஒழிந்தது என்றே நாம் எண்ணினோம். எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே முகவரி போதும் என்று மகிழ்ந்தோம். ஆயினும் அந்த முகவரியும் பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்த முகவரியே என்பதைப் பலர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

இக்கட்டுரையாளரின் குடும்பத்திலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறலாம். எமது முதலாவது மின்னஞ்சல் முகவரி, வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புத் தந்த நிறுவனம் இனாமாக வழங்கியது. 2003 இல் நகரம் மாறியபோது அந்த இணைப்பை நிறுத்தினோம். இணைப்போடு முகவரியும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில், எட்டு ஆண்டுகளாகத் தொடர்பற்றிருந்த சிறிய தந்தையார், வவுனியாவில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் அமர்ந்து, தம் கொப்பியில் குறித்து வைத்திருந்த அந்த ஒரே முகவரிக்கு எமது பெரியம்மாவின் மறைவை அறிவித்து எழுதினார். மடல் அவரிடமே திரும்பிச் சென்றது. அந்தியேட்டி முடிந்து நான்கு மாதங்களின் பின்னரே செய்தி எமக்கு எட்டியது. நாம் அவர்களைக் கைவிட்டுவிட்டோம் என்றே அவர் அதுவரை கருதியிருந்தார்.

அன்று தவறியது உறவுமடல். இன்றோ வழக்கறிஞரின் கடிதம், குடிவரவுத் திணைக்களத்தின் நேர்காணல் அழைப்பு, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம், பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி யாவும் அந்த ஒரு முகவரிக்கே வருகின்றன. ஆகவே அம்முகவரி உண்மையில் யாருடையது என்ற கேள்வி அற்பமானதன்று. அதற்கு விடைகாண அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

ஒரே பட்டியலில் உலகம்

1969 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று, பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் இணைக்கும் அர்ப்பாநெற் என்னும் கணனி வலையமைப்பைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளின் பின், 1971 இல், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய ரே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர், அவ்வலையமைப்பின் வழியே ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்கு முதலாவது மடலை அனுப்பினார். அவ்விரு கணனிகளும் அருகருகே ஒரே அறையில் இருந்தவை என்பது சுவையான செய்தி. ஆளின் பெயரையும் கணனியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்தெடுத்ததே இன்று குழந்தைகளும் அறிந்த, வால் சுருட்டிய 'அற்' குறியாகும். மனிதரின் பெயர்களில் அக்குறி வருவதில்லை என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

அக்காலத்தில் 'அற்' குறிக்குப் பின்னால் எழுதப்பட்டது ஒரு குறிப்பிட்ட கணனியின் பெயர். ஒருவர் வேலையிடம் மாறினாலோ, அக்கணனி அகற்றப்பட்டாலோ, முகவரியும் மறைந்துவிடும். வலையமைப்பிலிருந்த கணனிகள் அனைத்தினதும் பெயர்களும் இலக்கங்களும் ஒரேயொரு பட்டியலில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையமே அப்பட்டியலைப் பேணியது. புதிய கணனி ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் அந்த நிலையத்துக்கு அறிவிப்பர். அவர்கள் பட்டியலில் எழுதுவர். பின்னர் உலகெங்குமுள்ள கணனிகள் அப்பட்டியலின் புதிய பிரதியைப் பெற்றுக்கொள்ளும். ஊரில் விதானையார் கையிலிருந்த குடும்பப் பதிவேட்டை ஒத்தது அது. சில நூறு கணனிகள் இருந்தவரை இவ்வேற்பாடு போதுமானதாயிருந்தது.

அர்ப்பாநெற்றுக்கு வெளியே தொலைபேசி வழியாக மடல்களைக் கைமாற்றிய வேறொரு வலையமைப்பும் இருந்தது. அதில் முகவரி என்பதே வழியாயிருந்தது. இன்ன கணனிக்குப் போய், அங்கிருந்து இன்ன கணனிக்குத் திரும்பி, அதற்கப்பால் இன்ன கணனியில் இன்னாரைக் காண்க என்று முழுப் பாதையையும் எழுத வேண்டும். "சந்தியால் திரும்பி, கோயிலடி தாண்டி, பனங்கூடலுக்குப் பக்கத்து ஒழுங்கையால் வா" என்று எமது ஊர்களில் வழி சொல்வதை ஒத்தது இது. இடையில் ஒரு வீடு இல்லாமற் போனால் வருபவர் வழி தவறுவார். மடலும் அவ்வாறே வழி தவறியது.

பெயரும் வீடும் பிரிந்த கதை

கணனிகள் பெருகப் பெருக ஒற்றைப் பட்டியல் பாரந்தாங்க முடியாததாயிற்று. 1983 இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் நிறுவனத்தைச் சேர்ந்த போல் மொக்கபெற்றிஸ், அங்கு பணியாற்றிய ஜோன் பொஸ்ரெல் வேண்டிக்கொண்டதற்கிணங்க, ஒரு புதிய முறையை வகுத்தார். பேச்சுவழக்கில் 'டொமைன்' எனப்படும் ஆள்களப் பெயர் முறை அதுவே. இதன்படி எவரும் முழுப் பட்டியலையும் வைத்திருக்க வேண்டியதில்லை. மேலே உள்ளவர், தமக்குக் கீழுள்ள பகுதிக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் அறிந்திருந்தாற் போதும். அப்பகுதிக்குள் பெயரிடும் உரிமை அப்பகுதிக்கு உரியவருடையது. மத்தியில் குவிந்திருந்த அதிகாரம் இவ்வாறு கிளைகிளையாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1985 இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. 'டொட் கொம்' என்று முடியும் முதலாவது பெயரை அவ்வாண்டு மார்ச் 15 ஆம் நாள் சிம்பொலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணனி நிறுவனம் பதிவு செய்தது. அந்நிறுவனத்தின் செல்வாக்கு காலப்போக்கில் மங்கியது. அதன் பெயரோ நிலைத்து நின்று, 2009 இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. பெயர் வேறு, அதனைச் சூட்டிய பொருள் வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

எமது நோக்கில் மிக முக்கியமான நிகழ்வு அடுத்த ஆண்டிலேயே ஏற்பட்டது. 1986 யனவரியில் கிறெய்க் பார்ற்ரிட்ஜ் என்பவர் வெளியிட்ட விதிமுறையொன்று, ஒரு பெயருக்கு வரும் மடல்களை எந்தக் கணனி பெற்றுக்கொள்ளும் என்பதைத் தனியாக எழுதிவைக்க வழிசெய்தது. 'எம்.எக்ஸ். பதிவு' என்று இன்றும் வழங்குவது அதுவே. இன்ன பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன தபாற்கந்தோரில் ஒப்படைக்கவும் என்ற ஓர் அறிவித்தல் பலகையாக அதனைக் கொள்ளலாம். பலகையிலுள்ள ஒரு வரியை மாற்றினால் மடல்கள் வேறு தபாற்கந்தோருக்குச் செல்லும். கடிதம் எழுதுபவர் எதனையும் மாற்ற வேண்டியதில்லை. அவர் எழுதும் முகவரி அதேதான்.

அன்றே பெயரும் வீடும் பிரிந்துவிட்டன. ஓயாது வீடு மாறும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு வேறெதுவாக இருக்க முடியும்? ஆயினும் அதனை எம்மவருள் மிகச் சிலரே பயன்படுத்தினர். அதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

ஈரெழுத்தில் நாடுகள்

பெயர்களின் ஈற்றில் நாடுகளைக் குறிக்கும் ஈரெழுத்துகளும் சேர்க்கப்பட்டன. இலங்கைக்குரிய 'டொட் எல்.கே.' 1990 இல் ஏற்படுத்தப்பட்டது. எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்பளிப்பது தமது பணியன்று என்பதில் பொஸ்ரெல் உறுதியாயிருந்தார். 1994 இல் அவர் எழுதிய விதிமுறையில் அதனை வெளிப்படையாகவே குறிப்பிட்டு, அனைத்துலக நியம நிறுவனத்தின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலையே பின்பற்றினார். அப்பட்டியலில் இடம்பெற்றவர்க்கு ஈறு உண்டு. இடம்பெறாதவர்க்கு இல்லை.

இதனால் விளைந்த ஒரு நிகழ்ச்சி எமது மக்களின் கவனத்துக்குரியது. 1975 இல் இந்தோனேசியப் படைகள் கிழக்குத் தீமோரைக் கைப்பற்றின. ஆயினும் நியமப் பட்டியலில் அந்நிலத்துக்குரிய 'ரி.பி.' என்னும் ஈரெழுத்து அழியாதிருந்தது. 1997 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த இணையச் சேவை நிறுவனம் ஒன்று அந்த ஈற்றை இயங்கச் செய்தது. நிலத்தில் இல்லாத நாடு பெயரில் இருந்தது. 1999 யனவரியில் அதன் கணனிகள் மீது தாக்குதல் நிகழ்ந்து சேவை தடைப்பட்டதும் உண்டு. 2002 மே 20 ஆம் நாள் கிழக்குத் தீமோர் சுதந்திர நாடாயிற்று. பின்னர் 'ரி.எல்.' என்னும் புதிய ஈறு வழங்கப்பட்டு, பழைய ஈறு 2015 இல் முற்றாக நீக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. சாகோஸ் தீவுகளின் மக்கள் 1968 க்கும் 1973 க்கும் இடையில் பிரித்தானிய அரசினால் வெளியேற்றப்பட்டனர். 2021 இல் எம்மவரின் படகொன்று சென்றடைந்த டியேகோ கார்சியா அத்தீவுகளுள் ஒன்றே. அந்த ஆட்புலத்துக்குரிய 'ஐ.ஓ.' என்னும் ஈறு 1997 இல் ஏற்படுத்தப்பட்டு, உலகெங்குமுள்ள கணனி நிறுவனங்கள் விரும்பி வாங்கும் பண்டமாயிற்று. மக்கள் நிலத்தில் இல்லை. அவர்களுடைய நிலத்தின் பெயரோ சந்தையில் விலைபோயிற்று.

நாட்டு ஈறுகளை நம்பியிருப்பதில் தனி மனிதர்க்கும் ஆபத்துண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குரிய 'டொட் ஈ.யு.' 2006 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 தொடக்கத்தில், ஒன்றியத்தில் வசிக்காதவரும் ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை அற்றவருமான பிரித்தானியரின் பெயர்கள் இடைநிறுத்தப்பட்டுப் பின்னர் பறிக்கப்பட்டன. யேர்மனியிலோ நெதர்லாந்திலோ குடியுரிமை பெற்றபின் இலண்டனில் குடியேறிய எம்மவர்க்கு அவ்வுரிமை நீடித்தது. ஏனையோர்க்கு அரசியல் மாற்றமொன்று முகவரியையே பறித்துக்கொண்டது. அகதியாகாமலே முகவரி இழந்தோர் அவர்கள்.

இனாம் முகவரியின் விலை

இனி, ஆள்களப் பெயர்களை நாம் ஏன் பயன்படுத்தவில்லை என்ற கேள்விக்கு வருவோம். தொடக்கத்தில் அமெரிக்க அரசின் செலவில் இலவசமாகப் பதிவு செய்யப்பட்ட இப்பெயர்களுக்கு 1995 செப்ரெம்பரில் கட்டணம் விதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர். உணவகங்களில் இரவு பகலாக உழைத்து ஊருக்கும் பணம் அனுப்பிய எம்மவர்க்கு அது வீண்செலவாகவே தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டு யூலை 4 ஆம் நாள், சபீர் பாட்டியா என்னும் இந்தியரும் ஜாக் ஸ்மித் என்பவரும் ஹொட்மெயில் சேவையைத் தொடங்கினர். எந்தக் கணனியிலிருந்தும் படிக்கலாம், காசு எதுவும் வேண்டாம். 1997 டிசெம்பரில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதனை வாங்கியது. அதே ஆண்டில் யாகூவும், 2004 இல் கூகிளும் இவ்வழியில் வந்தன. நாமும் அங்கே சென்று குடியேறினோம்.

இச்சேவைகள் எமக்குப் பேருதவி புரிந்தன என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் அங்கே 'அற்' குறிக்குப் பின்னால் உள்ள பெயர் எமதன்று. 2013 இல் யாகூ நிறுவனம், ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத முகவரிகளை விடுவித்து வேறு ஆட்களுக்கு வழங்கியது. பழைய உரித்தாளருக்கு வந்த அந்தரங்க மடல்கள் புதியவரின் கையிற் கிடைத்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகிள் 2023 இல் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. தடுப்பு முகாமில் இரண்டு ஆண்டுகள் கழித்த ஒருவர் வெளியே வரும்போது தம் மடல்களும் படங்களும் இல்லாதிருப்பதைக் காண நேரலாம். விதி வகுத்தவர்கள் அப்படியான வாழ்க்கையை நினைத்து விதி வகுப்பதில்லை.

சொந்தப் பெயர் அமைக்கும் முறை

1999 இலிருந்து பதிவுத் தொழிலில் போட்டி அனுமதிக்கப்பட்டதால் கட்டணம் வீழ்ந்தது. இன்று பொதுவான ஈறுகள் பல, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 அமெரிக்க டொலர் வரையிற் கிடைக்கின்றன. செய்ய வேண்டியவை மூன்றே. முதலில், பதிவாளர் நிறுவனம் ஒன்றில் குடும்பப் பெயரையோ வேறொரு பெயரையோ பதிவு செய்தல். இரண்டாவதாக, மடல்களைப் பெற்றுச் சேமித்துத் தரும் சேவையொன்றை மாதக் கட்டணத்துக்கு அமர்த்துதல். மூன்றாவதாக, அச்சேவை தரும் எம்.எக்ஸ். பதிவைப் பதிவாளரின் பக்கத்தில் எழுதுதல். பின்னொரு நாள் அச்சேவை பிடிக்காவிடின், பழைய மடல்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்த வரியை மாற்றி வேறிடம் செல்லலாம். முகவரி மாறாது.

மடல் வாங்கும் கணனியையும் வீட்டிலேயே வைத்து நடத்தலாமே எனச் சில இளைஞர் கேட்பர். முடியும். ஆயினும் எளிதன்று. 1978 இல் அமெரிக்கக் கணனி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிய நாள் தொட்டுக் குப்பை மடல்களின் தொல்லை வளர்ந்து வந்துள்ளது. அதனால் பெரிய நிறுவனங்கள் அறிமுகமற்ற கணனிகளின் மடல்களை ஐயத்துடனேயே நோக்குகின்றன. அனுப்பியவர் உண்மையானவரே என்று சான்றளிக்கும் 'எஸ்.பி.எவ்.', 'டி.கே.ஐ.எம்.' என்னும் பதிவுகளையும் ஆள்களப் பெயரில் எழுதுதல் அவசியம். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாகூவும் இத்தகைய சான்றுகளைக் கண்டிப்புடன் எதிர்பார்க்கின்றன. வழக்கறிஞருக்கு அனுப்பிய மடல் குப்பைக்கூடைக்குள் விழுந்தால் அதன் விலை பெரிது. ஆகவே பெயரை எமதாக வைத்துக்கொண்டு, தபாற்கந்தோரை அனுபவமுள்ளவரிடம் விடுவதே பெரும்பாலானோர்க்கு உகந்தது.

சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமையாகும். ஆள்களப் பெயரும் அறுதியாக வாங்கும் காணியன்று, குத்தகையே. கட்டணம் கட்டத் தவறினால் தவணை கழிந்து பெயர் பிறர் கைக்குப் போய்விடும். போனபின் அப்பெயருக்கு வரும் மடல்கள் அனைத்தும் புதியவருக்கே போகும். எனவே பொதுவான ஈறுகளில் அனுமதிக்கப்படும் பத்தாண்டு வரையிலான தவணையை முற்கூட்டியே கட்டுதல் நன்று. பதிவாளர் அனுப்பும் நினைவூட்டல் வேறொரு முகவரிக்கு வரும்படி செய்க. பெயர் காலாவதியானால் அதே பெயரிலுள்ள முகவரிக்கு எந்த நினைவூட்டலும் வந்துசேராது. முன்னர் உரித்தாளரின் வீட்டு முகவரி எவரும் பார்க்கும்படி இருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலும் அது மறைக்கப்படுகிறது. எனினும் ஈற்றுக்கு ஈறு விதி வேறுபடுமாதலால், இருப்பிடம் வெளிப்படக் கூடாதவர்கள் முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

எமது சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்ப் பாடசாலையினதோ ஊர்ச் சங்கத்தினதோ பெயரைச் செயலாளர் ஒருவர் தம் சொந்தப் பெயரில், தம் வங்கி அட்டையில் பதிவு செய்துவிட்டு, பின்னர் மனத்தாங்கலுடன் விலகினால் பெயரும் அவருடனேயே போய்விடும். ஆகவே சங்கத்தின் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்க வேண்டும். குடும்பத்திலும் அப்படியே. தந்தையார் மறைந்தபின் எந்தப் பதிவாளரிடம் எப்போது கட்டணம் கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தேடி அலையக் கூடாது.

தமிழ் எழுத்திலும் இன்று ஆள்களப் பெயர் உண்டு. இலங்கை என்னும் ஈறு 2010 இலும், இந்தியா, சிங்கப்பூர் என்னும் ஈறுகள் 2011 இலும் தமிழிலேயே ஏற்படுத்தப்பட்டன. மின்னஞ்சலுக்கான விதிமுறைகளும் 2012 இல் வகுக்கப்பட்டன. எனினும் பல அலுவலகங்களின் படிவங்கள் தமிழ் எழுத்து முகவரியை இன்னும் ஏற்பதில்லையாதலால், முக்கிய அலுவல்களுக்கு உரோமன் எழுத்து முகவரியையும் வைத்திருத்தல் வேண்டும்.

சிறிய தந்தையார் இன்று எம்முடன் இல்லை. அவருடைய கொப்பி அவர் மகளிடம் இருக்கிறது. அதில் எமது பெயருக்கு எதிரே வெட்டப்பட்ட முகவரிகள் ஏழு. எட்டாவதாக அவள் எழுதியிருப்பது எமது குடும்பப் பெயரிலான மின்னஞ்சல் முகவரி. அதன்பின் நாம் இரண்டு தடவை வீடு மாறிவிட்டோம், தபாற்கந்தோரையும் ஒரு தடவை மாற்றிவிட்டோம். அந்த வரியின் மேல் இன்னும் கோடு விழவில்லை.